நான்காவது முறை அழித்துவிடாதீர்கள்

ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. என் அப்பா சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சிறிய அச்சகத்தில் அச்சுக்கோப்பவராக இருந்தவர். அவரையும் அந்தக் காலத்தையும் பற்றி எழுதி வைக்க ஒரு வலைப்பூ தொடங்க ஆசைப்பட்டேன். சர்வரில் மாத வாடகைக்கு இடம் வாங்கி, இணையத்தில் கிடைத்த ஒரு வழிகாட்டியைப் பார்த்து வலைப்பூ நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸை நானே நிறுவினேன். முதல் முறை நன்றாக வந்தது. அப்பாவைப் பற்றிய நீண்ட கட்டுரையை நேராக அதிலேயே தட்டச்சு செய்தேன். வேறெங்கும் நகல் இல்லை. அப்பாவின் படம் பெரிதாக இருந்ததால் ஏறவில்லை. அதற்கு ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். சேர்த்ததும் தளம் வெறும் வெள்ளைப் பக்கமாகிவிட்டது. எல்லாக் கோப்புகளையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். கட்டுரை வந்தது, ஆனால் தமிழ் இருந்த இடமெல்லாம் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' என்ற குறியுமாக இருந்தது. பயந்துபோய் மறுபடி அழித்தேன். மூன்றாம் முறை புதிய தரவுத்தளம் உருவாக்கினேன். சரிவராமல் இன்னொன்றும் உருவாக்கினேன். இப்போது தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரே வரி மட்டும் வருகிறது. தரவுத்தளப் பட்டியலில் 'ஸ்வீடிஷ்' என்று எழுதியிருப்பதும் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் 777 கொடுத்தால் சரியாகும் என்கிறார் தெரிந்த பையன் ஒருவர். நான்காம் முறை அழித்துவிட்டுத் தொடங்கலாமா? அந்தக் கட்டுரை போனது போனதுதானா?"

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் கட்டுரை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: இனி எதையும் அழிக்காதீர்கள். கோப்பு, தரவுத்தளம், பயனர் கணக்கு எதுவானாலும் தொடாமல் விடுங்கள்.

வேர்ட்பிரஸ் இரண்டு இடங்களில் குடியிருக்கிறது. நிரல் கோப்புகளும் நீங்கள் ஏற்றும் படங்களும் ஓரிடத்தில். நீங்கள் எழுதும் எழுத்தெல்லாம் தரவுத்தளத்தில். கோப்புகளை அழிப்பது அச்சகத்தின் இயந்திரங்களை வெளியே தூக்கிப் போடுவது போல. அச்சிட்டு அலமாரியில் அடுக்கிய தாள்கள் வேறு அறையில் இருக்கின்றன. இரண்டு முறையும் நீங்கள் அழித்தது கோப்புகளை மட்டும்தான். இரண்டாம் முறை நிறுவியபோது கட்டுரை தானாகவே வந்து நின்றதே, அதுவே சாட்சி. நீங்கள் எடுத்தனுப்பிய தரவுத்தளப் பட்டியலின் படத்திலும் மூன்று தரவுத்தளங்கள் தெரிகின்றன. பழையது அவற்றில் முதலாவதாக இருக்கிறது.

ஒரு வருத்தமான செய்தியும் உண்டு. சிறிய படங்கள் சிலவற்றை முதல் முறையே ஏற்றியிருந்தால், அவை கோப்புகளோடு போயிருக்கும். மூலப் படங்கள் உங்கள் கைப்பேசியிலோ கணினியிலோ இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் இன்றே சர்வர் நிறுவனத்துக்கு எழுதி, அந்தத் தேதியின் காப்புநகல் இருக்கிறதா என்று கேளுங்கள். இப்படிப்பட்ட நகல்களைச் சில நாட்களோ சில வாரங்களோதான் வைத்திருப்பார்கள். மற்ற வேலைகள் காத்திருக்கலாம், இது காத்திருக்காது.

இனி அந்தக் கோடு போட்ட 'ஏ'க்கு வருவோம். அதைப் பார்த்து நீங்கள் பயந்தீர்கள். நானாக இருந்தால் மகிழ்ந்திருப்பேன், ஏனென்றால் எழுத்து கெடாமல் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

அச்சகத்தில் ஈய எழுத்துகளை அறை அறையாகத் தடுத்த மரத்தட்டில் போட்டு வைத்திருப்பார்கள். எந்த அறையில் எந்த எழுத்து என்பது உங்கள் அப்பாவின் விரல்களுக்கே தெரிந்திருக்கும். அவர் வெளியே போயிருந்த நேரத்தில் யாரோ தமிழ்த் தட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஆங்கிலத் தட்டை வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல்கள் வழக்கமான அறைகளுக்குத்தான் போகும். தாளில் விழுவது வேறு எழுத்தாக இருக்கும். விரல்களின் நினைவில் எந்தக் குறையும் இல்லை. சரியான தட்டைத் திரும்ப வைத்தால் போதும்.

கணினியில் நடந்ததும் இதுதான். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக்குறி முறை யுனிகோடு. அதன் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும், 'அ' ஆனாலும் மெய்யின் மேல் வைக்கும் புள்ளி ஆனாலும், மூன்று பைட்டுகளாக (பைட் என்பது கணினியின் சேமிப்பு அலகு) சேமிக்கப்படுகிறது. முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றே. இரண்டாவது பைட் இரண்டு வகைதான். மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். இந்த பைட்டுகளை 'லத்தீன்1' என்ற மேற்கத்தியத் தட்டில் தேடினால், முதல் பைட்டுக்குக் கோடு போட்ட 'ஏ' வரும். இரண்டாவதற்கு வட்டத்துக்குள் 'ஆர்' வரும், அல்லது மேலே ஒரு சிறு கோடு வரும். நீங்கள் பார்த்த பக்கம் முழுவதும் இவை மாறிமாறி வந்ததற்கு அதுதான் காரணம். கேள்விக்குறிகள் மட்டும் வரிசையாக நின்றிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். தமிழைத் தாங்கத் தெரியாத இடத்தில் தமிழை மாற்றிப் போட்டால் ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். அதிலிருந்து மூலத்தைத் திரும்பப் பெற வழியே இல்லை. உங்களுக்கு அது நேரவில்லை.

தட்டு எப்படி மாறியது? கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த பழைய அமைப்புக் கோப்பில் விடை இருக்கிறது. 'டபிள்யூபி-கான்ஃபிக்' என்ற அந்தக் கோப்பில் 'டிபி சார்செட்' என்றொரு வரி உண்டு. நீங்கள் பின்பற்றிய வழிகாட்டி அந்த வரியை லத்தீன்1 என்று மாற்றச் சொல்லியிருக்கிறது, நீங்களும் மாற்றியிருக்கிறீர்கள். போடும்போதும் எடுக்கும்போதும் ஒரே தட்டு என்பதால் முதல் முறை தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. இரண்டாம் முறை புதிதாக இறக்கிய வேர்ட்பிரஸில் அந்த வரி இயல்பான யுடிஎஃப்-8ஆக இருந்தது. எடுக்கும் தட்டு மாறிவிட்டது.

இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. எந்த ஆண்டு எழுதியது என்றுகூடப் போடாத வழிகாட்டிகள் இணையத்தில் கிடக்கின்றன. அவற்றை நம்பி முதல் முறை முயல்பவர்கள்தான் அடிபடுகிறார்கள். எனக்கு அவற்றின் மேல் உண்மையாகவே கோபம் உண்டு.

அந்த 'ஸ்வீடிஷ்' விவகாரமும் இதோடு சேர்ந்ததுதான். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் ஸ்வீடன் நாட்டு நிறுவனம் ஒன்றில் வளர்ந்தது. அதனால் நீண்ட காலம் அதன் இயல்பான எழுத்துமுறை லத்தீன்1ஆகவும், அகரவரிசை ஸ்வீடிஷ் மொழியின் வரிசையாகவும் இருந்தன. 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் அந்த இயல்பு யுடிஎஃப்-8இன் முழு வடிவமான யுடிஎஃப்8எம்பி4 என்பதற்கு மாறியது. பல சர்வர்களில் இன்னும் பழைய இயல்பே நீடிக்கிறது.

நீங்கள் தமிழாசிரியை என்பதால் இதையும் சொல்லத் தோன்றுகிறது. ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென்று ஓர் எண்வரிசை வைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் படிக்க முடியாது. எழுத்தாளரும் தமிழ்க் கணிமை முன்னோடியுமான நா. கோவிந்தசாமி முனைந்து நடத்திய 1997ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு நம் சிங்கப்பூரில்தான் கூடியது. அங்கே பேசப்பட்டவற்றுள் இந்தத் தட்டுச் சிக்கலும் ஒன்று. உங்களிடம் அந்தக் கால எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கட்டுரைகள் இருந்தால், அவற்றை அப்படியே வலைப்பூவில் ஒட்டாதீர்கள். யுனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒரு முறை மெய்ப்புப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

கட்டுரையை மீட்கும் வேலைக்கு வருகிறேன். உங்கள் சர்வர் கணக்கின் கட்டுப்பாட்டுப் பக்கமான சிபேனலில், தரவுத்தளங்களைப் பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மின் என்ற பகுதியைத் திறந்து, இடப்பக்கம் முதல் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுங்கள். மேலே 'எக்ஸ்போர்ட்' என்பதை அழுத்தி, வரும் கோப்பை உங்கள் கணினியில் சேமியுங்கள். அதன் நகல் ஒன்றை யூஎஸ்பியிலும் போட்டு வையுங்கள். இதை முடிக்காமல் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டாம்.

அடுத்து, சர்வரில் இப்போது இருக்கும் அமைப்புக் கோப்பின் பெயரை மாற்றி ஓரமாக வையுங்கள். அதன் இடத்தில் உங்கள் பழைய அமைப்புக் கோப்பை ஏற்றுங்கள். அந்தப் பழைய கோப்பில் முதல் தரவுத்தளத்தின் பெயர், பயனர், கடவுச்சொல், லத்தீன்1 எல்லாமே சரியாக இருக்கின்றன. படத்துக்காகக் கடைசியில் சேர்த்த அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிடுங்கள். பிறகு தளத்தைத் திறந்தால் கட்டுரை தமிழில் தெரிய வேண்டும். தெரிந்ததும் முழுவதையும் நகலெடுத்து உங்கள் கணினியில் நோட்பேடில் ஒட்டிச் சேமியுங்கள். ஒரு பிரதி அச்செடுத்தும் வையுங்கள். கட்டுரை கோடு போட்ட 'ஏ'யாகத் தெரியும் நேரத்தில் மட்டும் அதைத் திருத்தும் பக்கத்தில் சேமி, புதுப்பி எதையும் அழுத்தாதீர்கள்.

கட்டுரை கைக்கு வந்த பிறகும் அந்தப் பழைய தரவுத்தளத்தில் தொடர்ந்து எழுத வேண்டாம். அதை அப்படியே விட்டுவிட்டு, மூன்றாம் முறை உருவாக்கிய புதியவற்றுள் ஒன்றில், யுடிஎஃப்-8 வரியோடு, முறையாகத் தொடங்குங்கள். நான்கைந்து பக்கக் கட்டுரை ஒன்றுக்காகப் பழைய அட்டவணைகளை மாற்றியமைக்கும் கடினமான வேலையில் இறங்கத் தேவையில்லை. ஒட்டினால் முடிந்தது.

இப்போது வரும் அந்த ஒற்றை வரிப் பிழைக்குக் காரணம், பெரும்பாலும் அமைப்புக் கோப்பிலுள்ள நான்கு விவரங்களில் ஒன்றோ பலவோ பொருந்தாததுதான்: தரவுத்தளப் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், சர்வர் முகவரி. எது பொருந்தவில்லை என்று அந்தப் பக்கம் சொல்லாது. ஆனால் உங்கள் புதிய கோப்பைப் பார்த்ததும் எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. தரவுத்தளத்துக்கு நீங்கள் வைத்த பெயரை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். சிபேனல் அந்தப் பெயருக்கு முன்னால் உங்கள் கணக்குப் பெயரையும் ஓர் அடிக்கோட்டையும் தானாகவே சேர்த்துவிடும். பயனர் பெயருக்கும் அப்படித்தான். பட்டியலில் தெரியும் முழுப் பெயரை அங்கிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள். கையால் தட்டச்சு செய்ய வேண்டாம்.

இன்னொன்றையும் பாருங்கள். தரவுத்தளத்தை உருவாக்குவது ஒரு வேலை, பயனரை உருவாக்குவது இன்னொரு வேலை, அந்தப் பயனரை அந்தத் தரவுத்தளத்தில் சேர்த்து உரிமைகளைக் கொடுப்பது மூன்றாவது வேலை. புதியவர்கள் பெரும்பாலும் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். அதே பக்கத்தில் சற்றுக் கீழே இறங்கினால் அதற்கான இடம் இருக்கும். கடவுச்சொல்லில் ஒற்றை மேற்கோள் குறியும் பின்சாய்வுக் கோடும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வர் முகவரி பெரும்பாலும் 'லோக்கல்ஹோஸ்ட்'தான். தரவுத்தளத்தைத் தனி இயந்திரத்தில் வைத்திருக்கும் நிறுவனமானால், அதன் முகவரியை உங்களுக்கு வந்த வரவேற்பு மின்னஞ்சலில் தந்திருப்பார்கள்.

எல்லாம் எங்கே தொடங்கியதோ அந்த வெள்ளைப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சேர்த்த வரியை வேர்ட் மென்பொருளில் ஒட்டி, அங்கிருந்து எடுத்திருக்கிறீர்கள். வேர்ட் நேரான மேற்கோள் குறிகளை அழகுக்காக வளைத்துவிடும். வளைந்த குறி, வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி மொழிக்கு மேற்கோள் குறியே அல்ல. அந்த வரியை வந்தடைந்ததும் நிரல் நின்றுவிட்டது. அமைப்புக் கோப்பைச் சிபேனலின் கோப்பு மேலாளரிலேயே திறந்து திருத்துங்கள். அடுத்த முறை வெள்ளைப் பக்கம் வந்தால், அதே கோப்புறையில் 'எரர் லாக்' என்றொரு கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் நின்றது என்று அதன் கடைசி வரி சொல்லிவிடும். அன்றைக்கு அந்த ஒரு வரியை நீக்கியிருந்தால் தளம் திரும்பியிருக்கும்.

அந்த வரியைப் பிழையில்லாமல் எழுதியிருந்தாலும் படம் ஏறியிருக்காது. ஏற்றும் கோப்பின் அளவு வரம்பை அமைப்புக் கோப்பிலிருந்து மாற்றவே முடியாது, ஏனென்றால் நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அந்த வரம்பு முடிவாகிவிடுகிறது. பிஎச்பியின் இயல்பான வரம்பு 2 எம்பி. சிபேனலில் பிஎச்பிக்கான அமைப்புப் பக்கத்தில் அதைக் கூட்டலாம். என் ஆலோசனை வேறு. அப்பாவின் படத்தை 2000 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஏற்றுங்கள். வாசகர்களின் கைப்பேசிக்கு அது தாராளம். பெரிய மூலப் படத்தை உங்களிடமே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

777 கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்த மூன்று எண்களும் உரிமையாளர், குழு, மற்றவர்கள் ஆகியோருக்கான உரிமைகள். 7 என்றால் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். நீங்கள் இருப்பது பலர் பகிர்ந்துகொள்ளும் சர்வர். அங்கே மற்றவர்களுக்கும் எழுத அனுமதி கொடுப்பது வீட்டின் கதவைக் கழற்றிவிட்டு உறங்குவதற்குச் சமம். பாதுகாப்புக்காக 777ஐக் கண்டதும் 500 என்ற சர்வர் பிழையோடு நின்றுவிடும் சர்வர்களும் உண்டு. கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644, அமைப்புக் கோப்புக்கு 600. உதவ வந்த பையனிடமும் இதைச் சொல்லுங்கள்; நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்.

புதிய தளம் எழுந்து நின்றதும் அமைப்புகள் பக்கத்தில் நேர மண்டலத்தைச் சிங்கப்பூர் என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பதிவுகளின் நேரம் எட்டு மணி நேரம் பின்தங்கிக் காட்டும். முகப்பு திறந்து, பதிவைத் தொட்டால் மட்டும் 404 (பக்கம் கிடைக்கவில்லை) என்று வந்தால், அமைப்புகளில் 'நிலையான இணைப்புகள்' பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் சேமி பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

இணைப்பு என்றதும் தமிழில் தலைப்பு வைப்பவர்கள் எல்லாருக்கும் உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். தலைப்பிலிருந்தே வேர்ட்பிரஸ் பதிவின் முகவரியை உருவாக்குகிறது. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக விரியும். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் என்றால் ஒன்பது இடம். முகவரிக்கு ஒதுக்கியிருப்பது 200 இடங்கள்தான். 'சிங்கப்பூர்' என்ற சொல்லில் புள்ளிகளையும் உயிர்க்குறிகளையும் சேர்த்து 11 குறிகள். அதாவது 99 இடம். அந்தச் சொல்லை இரண்டு முறை எழுதினால் இடம் தீர்ந்துவிடும். நீண்ட தலைப்பு பாதியில் அறுபடும். அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் திரை முழுவதும் விழுக்காட்டுக் குறிகளாக இருக்கும். தலைப்பு தமிழில் எவ்வளவு நீளமாகவும் இருக்கட்டும். முகவரிப் பெட்டியில் மட்டும் இரண்டு மூன்று சொற்களை ரோமன் எழுத்தில் நீங்களே எழுதிவிடுங்கள். வெளியிடுவதற்கு முன்பே எழுதுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால், ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் சில இடங்களில் வழிதவறும்.

நீங்கள் அனுப்பிய இரண்டு அமைப்புக் கோப்புகளிலும் கடவுச்சொற்கள் அப்படியே தெரிந்தன. என்னிடமிருந்த நகல்களை அழித்துவிட்டேன். கட்டுரை கைக்கு வந்ததும் அந்தக் கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள். அதற்கு முன் மாற்றினால் பழைய கோப்பு வேலை செய்யாது.

முதலில் அந்த எக்ஸ்போர்ட். பிறகு பழைய கோப்பு. இந்த இரண்டையும் முடித்ததும் தமிழ் தெரிந்ததா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். தெரியவில்லையென்றால், பிஎச்பிமைஅட்மினில் அந்தக் கட்டுரையின் முதல் நான்கு வரிகள் எப்படித் தெரிகின்றன என்று படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பதை அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.